முன்வாசல்

கேனி ஓடை, கெண்டக்கி
செப்டம்பர் 8

என் கண்ணான டேனருக்கு,

பாட்டி எழுதுவது. முதலில் நம் பிள்ளைகளின் சேதி. உன் சித்தப்பா மகள் லேசி நர்ஸ் பரீட்சையில் தேறிவிட்டாள். சர்ச்சுக்குக்கூட அந்த வெள்ளைச் செருப்போடுதான் வருகிறாள். அவள் தம்பி வளர்த்த கன்றுக்குட்டிக்குச் சந்தையில் முதல் பரிசு நீல ரிப்பன் கிடைத்தது. கன்றைவிட இவன்தான் நிமிர்ந்து நின்றான். உன் அண்ணன் ராய்ஸை மர ஆலையில் மேஸ்திரி ஆக்கியிருக்கிறார்கள். நீ கல்லூரியில் மூன்றாம் வருஷம். அஞ்சாம் கிளாஸோடு நின்ற ஒருத்தியின் பேரப்பிள்ளைகள் இவ்வளவு பேரும் என்று தபால்காரனிடம் சொன்னேன். "போன வாரமே சொல்லிட்டீங்க ஓப்பலம்மா" என்கிறான். "கன்னுக்குட்டி சேதி போன வாரம் ஏதுடா? நின்னு கேளு" என்றேன்.

கல்லூரிப் பையன்கள் சேர்ந்து தங்குகிற, மூடிக்கிடந்த அந்தச் சகோதர சங்கத்து வீட்டை நீ மறுபடி திறக்கப்போகிறாயாம், நீதான் தலைவனாம். சித்தப்பா சொன்னான். ஒரு பக்கம் பூரித்தேன், ஒரு பக்கம் பயந்தேன். உன் அண்ணன் அந்தச் சங்கத்தில் சேரப் போனவன்தான், அந்தக் குளிர்காலமே படிப்பை விட்டுவிட்டு வந்து நின்றான். என்ன நடந்தது என்று இன்றுவரை வாய் திறக்கவில்லை. அன்றிலிருந்து என் வீட்டு முன்வாசலில் அவன் கால் படவில்லை. வருவதும் போவதும் அடுப்படிக் கதவு வழியாகத்தான். கேட்டால், "பூட்ஸ்ல சேறு பாட்டி" என்பான். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூட்ஸிலுமா சேறு?

உன் சேதியைச் சொன்னேன். சோளரொட்டியை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோய்விட்டான். அந்த வீடு உனக்கு எதற்கடா?

உன் பாட்டி,
ஓப்பல்


செப்டம்பர் 19

அன்புள்ள பாட்டிக்கு,

கோபத்திலும் ஆப்பிள் ஜாம் அனுப்பியிருக்கிறீர்கள். பையன்கள் ஒரே நாளில் ஜாடியை வழித்துவிட்டார்கள்.

அண்ணன் சொல்லாததை நான் சொல்கிறேன். எம்மெட் என்று ஒருவர் இப்போது எங்களுக்கு ஆலோசகர். அண்ணனோடு அந்தச் சங்கத்தில் சேர வந்தவர், அவர்தான் எல்லாம் சொன்னார். அப்போது புதிதாக வருகிறவன் ஒரு பருவம் முழுக்கச் சோதனையில் கிடக்கவேண்டும். மூத்தவர்களின் துணியைத் துவைக்கவேண்டும், ஏச்சு வாங்கவேண்டும், பனியில் நிற்கவேண்டும். முன்வாசலைத் தொடவே கூடாது, பின்கதவுதான். ஒரு சாயங்காலம் தூக்கமும் சாப்பாடும் இல்லாமல் எம்மெட் மாடிப்படியில் மயங்கி விழுந்திருக்கிறார். எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்க, அண்ணன் அவரைத் தோளில் போட்டுக்கொண்டு, எதிரே இருந்த முன்கதவைத் திறந்து வெளியே ஓடியிருக்கிறான். எம்மெட் பிழைத்துக்கொண்டார். அண்ணனை விலக்கிவிட்டார்கள். முன்வாசலைத் தொட்டதற்காக.

அதனால்தான் பாட்டி, இந்த வீடு எனக்கு வேண்டும். இனிமேல் சோதனை கிடையாது. சேர்ந்த அன்றே எல்லோரும் உறுப்பினர். நாலு வருஷமும் வளர்வதற்குத்தான். வந்த வருஷம் சமைக்கவும் பாடத்தில் பின்தங்காமல் இருக்கவும் பழகுகிறார்கள். அப்புறம் நாலு பேர் முன்னால் பேச, பொறுப்பை ஏற்க, கடைசி வருஷம் இளையவனுக்குத் துணை நிற்க. நேற்று பீன்ஸ் கருகிப்போனது. மூன்றாம் வருஷத்துக்காரன் நான்தான் கருக்கினேன். பழைய உறுப்பினர்கள் சிலர், "கஷ்டப்படாம வந்தவனுக்கு அருமை தெரியுமாடா?" என்று கடுகடுக்கிறார்கள்.

அக்டோபர் 22 மதியம் கதவைத் திறக்கிறோம். அண்ணன்தான் திறக்கவேண்டும். சொல்வீர்களா?

டேனர்


கேனி ஓடை
அக்டோபர் 3

டேனர் கண்ணு,

உன் கடிதத்தை எழுத்துக் கூட்டிப் படித்தேன். படித்துவிட்டு அடுப்படிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ராய்ஸிடம் சொன்னேன். "எனக்கு ஆலையில வேலை இருக்கு பாட்டி" என்றான்.

"சனிக்கிழமையுமா?"

"வெளிய போடான்னு அவனுங்கதான் சொன்னானுங்க. இப்ப எதுக்கு நான் போய் நிக்கணும்?"

"சரி, அவங்க வாசல் வேண்டாம். என் வாசல் உன்னை என்னடா பண்ணுச்சு?"

அவன் காதுமடல் சிவந்தது. உங்கள் தாத்தாவுக்கும் அப்படித்தான்.

விடிகிற நேரத்தில் ஒரு கனவு. ஓடை முழுக்க மூடுபனி. வெள்ளைத் தூண் வைத்த வீடு ஒன்று படகு மாதிரி மெல்ல மிதந்து வருகிறது. படிக்கட்டில் பையன்கள் தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அக்கரையில் ராய்ஸ், தோளில் யாரையோ சுமந்தபடி. வீடு அவனை நெருங்கி வருகிறது, சுற்றிச் சுற்றித் திரும்புகிறது. ஒரு பக்கத்திலும் கதவே இல்லை. விழித்துப் பார்த்தால் ஓடையில் நிஜமாகவே பனி. வெகுநேரம் எது எதென்று தெரியவில்லை.

வருவான் என்று சொல்ல என்னால் முடியாது. பீன்ஸில் தண்ணீர் கூட ஊற்று.

பாட்டி


அக்டோபர் 23

அன்புள்ள பாட்டிக்கு,

மதியம் தாண்டியும் அண்ணன் வரவில்லை. கதவைத் திறக்க எனக்கு மனசு வரவில்லை. எல்லோரும் புல்தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மேப்பிள் இலைகள் தட்டிலேயே விழுந்துகொண்டிருந்தன. வெயில் தேன் மாதிரி இருந்தது. பழைய உறுப்பினர் ஒருவர் கடிகாரத்தைக் காட்டிவிட்டு வண்டியேறிப் போய்விட்டார்.

தண்ணீர் பிடிக்கப் போன பையன் ஓடிவந்தான். "பின்பக்கம் யாரோ நிக்கிறாருண்ணே. வெகுநேரமா நிக்கிறார் போல. கதவைத் தட்டவும் இல்ல."

அண்ணன்தான். இஸ்திரி போட்ட சட்டை, கையில் தொப்பி. நேராகப் பின்கதவுக்கே போய் நின்றிருக்கிறான் பாட்டி. என்னைப் பார்த்ததும், "வழி இதானே?" என்றான்.

எம்மெட் வந்து பக்கத்தில் நின்றார். "அன்னைக்கு நீ என்னைத் தூக்கிட்டு வெளிய போன. இன்னைக்கு நான் உன்னைத் தூக்கிட்டு உள்ள போகட்டுமா?"

அண்ணன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். "நான் இப்ப மரம் தூக்குறவன்டா. உன் முதுகு போயிடும்."

சிரித்துக்கொண்டே இருவரும் வீட்டைச் சுற்றி நடந்தார்கள். நானும் பையன்களும் பின்னால் போனோம். அண்ணன் முன்வாசல் படியேறினான். அப்புறம் கதவைத் தள்ளினான்.

இந்தக் கடிதத்தோடு படம் வைத்திருக்கிறேன். எடுத்தவனுக்குக் கை நடுங்கிவிட்டது.

டேனர்


கேனி ஓடை
அக்டோபர் 29

என் தங்கமே டேனர்,

நீங்கள் கதவு திறந்த அன்று இருட்டுகிற நேரம் வண்டிச் சத்தம் கேட்டது. அடுப்படிக் கதவுக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தேன். சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தால் முன்வாசல் வழியாக வந்து கம்பளத்தின் நடுவில் நிற்கிறான்.

"பூட்ஸ்ல சேறு, பாட்டி" என்றான்.

"இருக்கட்டும்டா" என்றேன்.

நிஜமாகவே சேறு. ஒரு வாரமாகத் துடைக்கவில்லை. லேசி முகம் சுளிக்கிறாள், சுளிக்கட்டும்.

சோளரொட்டி முழுவதையும் தின்றான். அடுத்த சனிக்கிழமையும் வருகிறானாம், உங்கள் பையன்களுக்குப் படிக்கட்டுக் கைப்பிடி செய்யப் பழக்க. "டேனருக்கு ஆணி அடிக்கக்கூடத் தெரியாது பாட்டி" என்று உன்னைக் குறை வேறு சொன்னான். அவன் வாயால் உன் பெயரைக் கேட்டு எத்தனை நாளாயிற்று.

நீ அனுப்பிய படத்தில் எல்லோரும் மங்கிப்போயிருக்கிறீர்கள், மூடுபனிக்குள் நிற்கிற மாதிரி. ராய்ஸின் காது மட்டும் தெரிகிறது. நம் வீட்டுக் காதுதான். அதற்காகக் காதை மட்டும் சட்டம் போட்டு மாட்டவா? தபால்காரன் வேறு, "மேஸ்திரி எங்கம்மா?" என்று கேட்கிறான். சனிக்கிழமை அந்தச் சங்கத்து வீட்டு முன்வாசல் படியில் உன் அண்ணன் நடுவில் நிற்க, கை நடுங்காத பிள்ளை யாரையாவது எடுக்கச் சொல்லி, புதுப் படம் ஒன்று தபாலில் போடு.

பாட்டி ஓப்பல்