வழியில் பார்த்த ஆள்

முழங்காலில் புண். நேற்று கட்டுப் போட்ட நர்ஸ் பாண்டேஜ் சுருளைப் பிரித்ததும் அந்தப் பஞ்சு வாடை வந்தது. கூடவே உன்மேல் கோபமும் வந்தது. நீ செத்து ஐந்து மாதம் ஆகிறது. கோபத்துக்கு அது தெரியவில்லை.

எண்பத்தாறு, ஆடி மாதம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் வரைக்கும் எதிர்காற்று. வாடகை சைக்கிள் ஒன்று. பாதித் தூரம் நீ மிதித்தாய், பாதி நான். அதற்கு முன்பே ஆறு மில் வாசலில் நின்றுவிட்டோம். எல்லா வாசலிலும் ஒரே கேள்வி: "முன்ன எந்த மில்லுல பாத்த?" எந்த மில்லும் உள்ளே விடாதவன் எந்த மில்லைச் சொல்வான்? கேட்டவர்களுக்கு இது உறைத்ததே இல்லை. இன்று என் பேத்தியிடமும் இதையேதான் கேட்கிறார்கள்.

"ரெண்டு வருசம் பாத்தம்னு சொல்லுவோம்லே. நூல் அறுந்தா முடிச்சுப் போடணும், அம்புட்டுதான்" என்றாய். பாண்டேஜ் துணி நெய்கிற தறியில் நாலு மாதம் எடுபிடியாக இருந்தவன் நீ, நான் நம்பினேன். கேரியரில் உட்கார்ந்து, கழிவு நூலை உன் முதுகில் வைத்து முடிச்சுப் போட்டுப் பழகினேன். "ஏலே, கூசுது. கீழ விழுந்தா ரெண்டு பேருக்கும் பாண்டேஜ்தான்" என்று சிரித்தாய்.

ராஜபாளையத்து நூல் மில்லில் ஆள் எடுப்பதென்றால், ஓடுகிற மெஷினில் நிறுத்தி அறுந்த இழையை ஒட்டச் சொல்வார்கள். "நீ முந்திப் போ" என்று என்னைத் தள்ளினாய். முடிச்சுப் போட்டேன். பட்டென்று அறுந்தது. மறுபடியும் போட்டேன். சூப்பர்வைசர் வயிற்றைப் பிடித்துச் சிரித்தார்.

"ரெண்டு வருசமா? எந்தத் தறியிலலே?"

முடிச்சு தறிக்குத்தான்; நூற்கிற மெஷினில் முடிச்சே கிடையாது. அறுந்த நுனியை, உருளைக்குக் கீழே இறங்கும் பஞ்சில் தொட்டுவிட்டால் சுழற்சியே முறுக்கிக்கொள்ளும். அவர் என்னை ஒதுக்கிவிட்டு இரண்டு இழை ஒட்டிக் காட்டினார். நீ என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய்.

அடுத்து நீ. மூன்றாம் தடவையில் ஒட்டிவிட்டாய்.

"இந்தப் புளுகன் ஒங்கூட வந்தவனாலே?"

"இல்ல சார். வழியில பாத்த ஆளு."

அன்றைக்கே உன்னை ஷிப்டில் நிறுத்திக்கொண்டார்கள். நான் வெறும் கேரியரோடு திரும்பினேன். காற்று முதுகில் தள்ளியது, மிதிக்கவே வேண்டியிருக்கவில்லை. அதற்கும் எரிச்சல்பட்டேன்.

இழை ஒட்ட நானே கற்றுக்கொண்டேன். இன்னொரு மில்லில் தரை கூட்டப் போய், கூட்டுகிற சாக்கில் பார்த்துப் பார்த்து. எவனும் சொல்லித் தரவில்லை. நான் கேட்கவும் இல்லை.

பத்து வருடம் கழித்து ஒரு கல்யாணப் பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய். "அன்னைக்கு மில்லுல இருந்தது ஒரே ஒரு எடம்லே. ஒன்னத் தெரியும்னு சொல்லியிருந்தா ரெண்டு பேரையும் வெரட்டியிருப்பான்." நான் இலையை மூடிவிட்டு எழுந்தேன். நீ சொன்னது உண்மை. அதுதான் தாங்கவில்லை. பசித்த இருவரை ஓர் இடத்துக்கு நிறுத்தி வேடிக்கை பார்த்தவரின் முகம்கூட எனக்கு நினைவில்லை. உன் முகத்தைத்தான் வைத்திருந்தேன்.

உன் சாவு வீட்டில் உன் மகள் கேட்டாள்: "ஐயா, அப்பாவுக்கு நீங்க எப்படிப் பழக்கம்?"

இந்தக் கேள்விக்குப் பல வருடமாகப் பதில் வைத்திருந்தேன். அன்று மில்லில் நீ சொன்ன அதே பதில். வாயைத் திறந்தேன்.

"ஒரே சைக்கிள்ல வேலை தேடுனவுக, தாயி."

மன்னித்துவிட்டேன் என்று எண்ணிக்கொள்ளாதே. கோபம் அப்படியே இருக்கிறது. அந்தப் பொய்யை மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை.