உப்பில்லா நேர்த்தி

மடத்துவெளி,
புங்குடுதீவு.
12.05.1977

அன்பு மகள் பரிமளத்துக்கு,

இங்கே நாங்கள் சுகம், நீயும் மருமகனும் அந்த ஆபிரிக்க வெயிலில் சுகமாயிருக்க நயினை அம்மனை வேண்டுகிறேன். இந்த வரியை இந்த முறை வழக்கத்துக்காக எழுதவில்லை. ஐயாவுக்குக் கொழும்பில் ஒப்பரேஷன் நடந்து, நல்லபடி முடிந்து, வீட்டுக்கும் வந்துவிட்டோம். முன்பே அறிவித்திருந்தால் நீ படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் பிளேன் ஏறியிருப்பாய், கோபிக்காதே.

ஐயாவுக்கு இடைக்கிடை நெஞ்சு படபடத்து, வேர்த்துக் கொட்டி, முகம் வெளிறிப்போகுமே, பயந்த சுபாவம் என்று நாங்கள் பகிடி பண்ணுவோமே, அது சுபாவமில்லையாம். சிறுநீரகத்துக்கு மேலே ஒரு சுரப்பியில் சின்னக் கட்டி. பயம் வந்தால் உடம்பில் ஊறுகிற சாற்றை அது காரணமில்லாமலே ஊற்றி, இரத்தக் குழாய்களைச் சுருக்கி, பிரஷரை ஏற்றிக்கொண்டிருந்ததாம். மயக்க மருந்து கொடுக்கிற டொக்டர் அரியநாயகம் குழாய்கள் தளரக் குளிசை தந்தார். தளர்ந்த குழாய் நிரம்ப வேண்டும், உப்பும் தண்ணீரும் தாராளமாகக் கொடுங்கள், இல்லாவிட்டால் கட்டியை எடுத்தவுடன் பிரஷர் விழுந்து ஆளுக்கே ஆபத்து என்றார். நான் அதையெல்லாம் புத்தகங்களில் தேடி வாசித்துக்கொண்டிருந்தேனே தவிர, மீனலோசனி மாமியின் சட்டியை எட்டிப் பார்க்கவில்லை. தன் தம்பியான ஐயாவுக்குச் சமைத்துக் கொடுக்கவென்று எங்களோடு வந்த மாமி, ஆனித் திருவிழா முடியும்வரை தம்பி உப்பில்லாமல் சாப்பிடுவான் என்று அம்மனுக்கு நேர்த்திக்கடன் வைத்திருக்கிறா. பிரஷருக்கும் அதுதானே நல்லது என்று அவவின் எண்ணம். ஐயாவும் தமக்கை சொல்லைத் தட்டாமல் அவ கொண்டுவந்த உப்பில்லாக் கஞ்சியைக் குடித்துவிட்டு, ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைப் பக்கத்துக் கட்டில்காரருக்குக் கொடுத்திருக்கிறார். எழும்பி நின்றால் தலை சுற்றி விழப்பார்த்தார். டொக்டர் விசாரித்துப் பிடித்து, ஒப்பரேஷனைத் தள்ளிவைத்துவிட்டார். மாமியோ, நேர்த்தி அம்மனுக்கு வைச்சது, டொக்டருக்கில்லை, முறிக்க ஏலாது என்று நின்றா. எனக்கு அழுகை வந்துவிட்டது, அப்படியெண்டால் அந்த நேர்த்தியை நான் எடுக்கிறன் என்றேன். மாமி என்னை மேலும் கீழும் பார்த்து, நீர் ஆர் எடுக்க, நேர்த்தி வைச்சவள் நான், அவனுக்குப் பதிலா நானே உப்பில்லாமல் சாப்பிடுறன் என்றா. அன்று பின்னேரமே உப்புக் கஞ்சியும் ஊறுகாயுமாக வந்து, கடைசி மிடறு வரைக்கும் ஐயாவுக்குக் காவல் இருந்தா.

கட்டியில் கை பட்டபோது பிரஷர் கண்டபடி ஏற, டொக்டர் மருந்து ஏற்றி இறக்கினாராம். கட்டி வெளியே வந்ததும் விழத்தான் விழுந்ததாம், ஆனால் சேலைன் ஓட ஓடத் திரும்பி வந்துவிட்டதாம். முதல் குறித்த நாளில் வெட்டியிருந்தால் வந்திராது என்று சொல்லி, டொக்டர் மாமியைப் பார்த்துச் சிரித்தார். மாமி அம்மனைக் கும்பிட்டா.

இப்போது மாமி உப்பில்லாத குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டு எங்கள் எல்லோரையும் ஏசுகிறா. நேற்று ஐயா தன் கோப்பையை நீட்டி, இனி எனக்கு ஆபத்தில்லை எண்டு டொக்டர் சொன்னவர், உங்கடை சட்டியிலை எனக்கும் போடுங்கோ அக்கா என்றார். மாமி அகப்பையை ஓங்கி, உன்னாலைதான் நான் இந்தக் கண்ராவியைத் தின்னுறன், போடா அங்காலை என்றா. ஏசி முடித்து, ஒரு அகப்பை போட்டா.

உனக்கும் காரணமில்லாமல் நெஞ்சு படபடத்தால் சுபாவம் என்று விடாதே, டொக்டரிடம் காட்டு. மருமகனுக்கும் உனக்கும் அம்மன் துணை. மாமிக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, அதில் எதை எழுதினாலும் சமையலைப் பற்றி மட்டும் எழுதிவிடாதே.

என்றும் உன் நினைவோடு,
அம்மா