கல்லும் வழுக்கவில்லை, படியும் வழுக்கவில்லை

ஆரியசாலை,
திருவனந்தபுரம்.

அன்பு மகள் ஸ்ரீப்ரியாவுக்கு, பெறாவிட்டாலும் வளர்த்த உரிமையில் மாமா எழுதுவது. இங்கே என் முழங்கால் தவிர எல்லாரும் சுகம், மெல்போர்ன் குளிரில் நீயும் காதை மூடிக்கொண்டு சுகமாக இருப்பாய். உன் அக்கா கிருஷ்ணவேணி ஜெயிலுக்குப் போகவில்லை. இப்படித்தான் முடியும் என்று நான் முதல் நாளே சொன்னேன், வக்கீல்தான் நம்பவில்லை. போனில் சொன்னால் உன் அத்தை நடுவில் புகுந்து திருத்திக்கொண்டே இருப்பாள், அதனால் கடிதம்.

அவள் புருஷன் சிவதாணு தன் கடையில் வைத்து அவள் கழுத்தை நெரித்ததும், கைக்கு எட்டிய இரண்டு கிலோ எடைக்கல்லால் அவள் அடித்ததும், அந்த மகராசனுக்குத் தோள் எலும்பு முறிந்ததும் உனக்குத் தெரியும். கேஸ் ஏன் தோற்றது என்பது தெரியாது. புருஷன் அடித்த ஒவ்வொரு தடவையும், கடைப் பெயர் கெடக்கூடாதென்று, மிளகாய்க் குடோன் படியில் வழுக்கி விழுந்தேன் என்றே டாக்டரிடம் அவளைச் சொல்லவைத்திருந்தோம். சர்க்கார் வக்கீல் அதையெல்லாம் வரிசையாக வாசித்து, இதில் அடி எங்கே இருக்கிறது என்று கேட்டார். குற்றவாளி என்று தீர்ப்பாகிவிட்டது. என்ன தண்டனை என்று முடிவு செய்யுமுன் அவள் சொல்வதைக் கேட்க இன்னொரு நாள் வைத்தார்கள்.

அன்று காலை நான் ஒரு சட்ட நுணுக்கம் கண்டுபிடித்தேன். கல்லும் கை வழுக்கி விழுந்தது என்று சொல்லிவிடு என்றேன். கை வழுக்கின கல்லு மேல ஏறிப் போயி அவன் தோளில எப்படி விழும் என்று உன் அத்தை சிவகாமி கேட்டாள். கோர்ட்டில் புவியீர்ப்பு எல்லாம் செல்லாது என்று விளக்கினேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சாலைக் கம்போளக் கடைத்தெருவே கடையடைத்துவிட்டு அங்கே நின்றது, பாதிப் பேர் மின்விசிறியில் தொங்காத குறை. ஜட்ஜியம்மா, எந்தெங்கிலும் பறயானுண்டோ, ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டதும் கிருஷ்ணவேணி மலையாளத்தில் ஆரம்பித்துப் பாதியில் தமிழுக்கு வந்துவிட்டாள். கல்லும் வழுக்கல, படியும் வழுக்கல, அவர் கழுத்தப் பிடிச்சாரு, மூச்சு முட்டிச்சு, நான் அறிஞ்சுதான் அடிச்சேன், இதுவரைக்கும் சொன்னதெல்லாம் சொல்லிக்குடுத்தது என்றாள். யார் சொல்லிக்கொடுத்தது என்று ஜட்ஜியம்மா கேட்டார். நான் நெஞ்சை நிமிர்த்தி எழுந்து, நான்தான் யுவர் ஆனர், அவளுக்குப் பதில் என்னை உள்ளே போடுங்கள் என்றேன். சர்க்கார் வக்கீலே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு ஜட்ஜியம்மா அனுப்பிய புரொபேஷன் ஆபீசர், அதாவது நன்னடத்தை அதிகாரி, தெருவில் வந்து விசாரித்தார். பக்கத்துக் கடை பிரேமா, சத்தம் கேட்டா நாங்க ரேடியோவக் கூட்டி வைப்போம் சாரே என்று உள்ளதைச் சொல்லிவிட்டாள். ஜட்ஜியம்மா, இத்தனை வருஷம் வாங்கிய அடியை மறந்துவிட்டு இந்த ஒரு அடிக்கு மட்டும் தண்டனை எழுத முடியாது என்று சொல்லி, நன்னடத்தைக்கு ஜாமீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார். ஜாமீன் நான். ஆகவே இப்போது நானும் ஒழுங்காக நடக்க வேண்டியிருக்கிறது, வெற்றிலையைக்கூடக் கண்ட இடத்தில் துப்புவதில்லை.

அக்கா நம் வீட்டில்தான் இருக்கிறாள், நன்றாகத் தூங்குகிறாள், விவாகரத்துக்கும் மனுக் கொடுத்தாயிற்று. நீ ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது, ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று மட்டும் அவளிடம் கேட்காதே, என்ன குழம்பு என்று கேள். ராத்திரி வேலைக்குப் போகும்போது சாக்ஸ் போட்டுக்கொள். ஆவுடையப்பன் அருளால் நீ குறைவில்லாமல் இரு மக்கா.

தன் விஷயத்தில் இனி இந்த வீட்டில் யாரும் பொய் சொல்லக்கூடாது என்று கிருஷ்ணவேணி உத்தரவு போட்டிருக்கிறாள், கடிதத்தை வாசித்துப் பார்த்துத்தான் தபாலில் போடுவாளாம். அதனால் எழுதுகிறேன். கோர்ட்டில் எழுந்து நின்றது நான் இல்லை, உன் அத்தை. நாங்கதாம்மா சொல்லிக்குடுத்தோம் என்றாள். நான் உட்காரு, உட்காரு என்று அவள் சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன்.

இப்படிக்கு,
உன் மாமா
கோமதிநாயகம்