பூஜ்யம் உள்ளே இருக்கிறது

அயோவா, மார்ச் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? டகோட்டாவில் பனி விட்டதா? நான் நலம். கொஞ்சம் எரிச்சலில் இருக்கிறேன், அவ்வளவுதான்.

எங்கள் விதை ஆய்வு நிலையத்தில் நாங்கள் விதைத்துப் பார்த்த நான்கு கோதுமை ரகங்களில், புது ரகம் நம் பழைய ரகத்தைவிட ஏக்கருக்கு நான்கு புஷல் கூடுதலாகத் தந்தது. ஆனால் நான்கையும் இரண்டிரண்டாக ஒப்பிட்டால் ஆறு ஜோடி வரும். ஆறில் ஏதாவது ஒன்று தற்செயலாகவே பெரிதாகத் தெரியலாம். அதற்கும் இடம் விட்டுக் கணக்கிட்டால், உண்மையான வித்தியாசம் ஒரு புஷல் குறைவிலிருந்து ஒன்பது புஷல் கூடுதல்வரை எங்கேயும் இருக்கலாம். பூஜ்யமும் அதற்குள்தான் இருக்கிறது. அதாவது, இரண்டும் ஒன்றாகவே இருக்கலாம்.

எங்கள் தலைவர் ராய் ஹால்வர்சனுக்கு இது பிடிக்கவில்லை.

"அந்த ஒரு ஜோடிய மட்டும் தனியா கணக்குப் போடு, மார்னா. பூஜ்யம் வெளிய போயிடும்."

"அப்போ மீதி அஞ்சு ஜோடிய நாம பாக்கவே இல்லையா, ராய்?"

"நேர்மையெல்லாம் உங்கப்பன் வயல்ல போய்க் காட்டு!"

அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அவர் சொன்னபடி கணக்குப் போட நான் மறுத்துவிட்டேன்; சோதனை அறிக்கையில் இப்போது என் பெயர் இல்லை.

போன மாதம் போனில், "புது விதையே போடுங்கப்பா" என்று அடித்துச் சொன்னது நான்தான். மன்னியுங்கள். வடக்கு வயலில் மட்டும் போட்டுப் பாருங்கள்.

என் கம்பளிக் காலுறைகளை அனுப்புங்கள். அம்மாவை மதியம் பன்னிரண்டு மணிக்குப் போன் செய்யச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் இப்போது யாரும் என்னோடு சாப்பிட உட்காருவதில்லை.

பஸ் வந்துவிட்டது.

மார்னா