அண்ணி கட்டிய வண்டி

அண்ணி,

இன்று காலை பழவங்காடியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுத் திரும்பும்போது, வெயிலில் நின்ற ஒரு காரின் முன்கண்ணாடிக்குள் வெள்ளி நிற வெயில் தடுப்பு விரித்திருந்ததைப் பார்த்தேன். கண்ணாடியின் வளைவுக்குச் சரியாகக் கத்தரித்திருந்தார்கள். உங்கள் கத்தரிக்கோல் ஞாபகம் வந்து அங்கேயே நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர், "ஒண்ணு மாறிக்கே சேச்சி" என்ற பிறகுதான் நகர்ந்தேன்.

அந்த நரம்பு நோய் வந்தபோது உங்களுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. உடம்பு சூடேறினால் கால் துவளும், கண் மங்கும். குளிர்ந்தால் சற்று நேரத்தில் தெளியும். கோடை முழுக்க ஏசி அறையைவிட்டு வெளியே வரவேண்டாம் என்று டாக்டர் மலையாளத்தில் மெதுவாகச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும், நீங்கள் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னீர்கள்:

"ரூமுக்குள்ள இருக்கணும்னுதான சொன்னாரு? ரூம் நகரப்படாதுன்னு சொல்லலியே."

சுற்றுலாக்காரர்களுக்கு ஓட்டிய பழைய வேனை அண்ணன் விற்கவிருந்த நேரம் அது. விற்கவேண்டாம் என்றீர்கள். அலுவலகத்தில் ஊராருக்கெல்லாம் கட்டட வரைபடம் வரைந்த கை, முதன்முறையாக உங்களுக்காக வரைந்தது. இருக்கைகளை எடுத்துவிட்டுக் கட்டில். கூரைக்கு வெள்ளைப் பெயிண்ட். அதற்கு மேல் நாலு விரல் இடைவெளி விட்டுச் சோலார் தகடுகள். அவை ஏசிக்கான பேட்டரிக்கு மின்சாரமும் தரும், கூரைக்கு நிழலும் தரும் என்றீர்கள். சுவருக்குள் வெப்பம் தடுக்கும் பலகை. கண்ணாடிகளுக்கு நீங்களே அளந்து கத்தரித்த வெள்ளி நிறத் தடுப்புகள். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் சூடான காற்று வெளியேற ஒரு வழி. அடுப்பு மட்டும் வண்டிக்குள் கூடவே கூடாது. கதவுக்கு வெளியே மடக்குப் பலகையில்தான்.

ஏசிக்குப் பதிலாக, தண்ணீர் ஊற்றும் கூலர் வைத்தால் பேட்டரி மிச்சமாகுமே என்று ஒர்க்‌ஷாப்காரர் கேட்டார். அவர் வடக்கே எங்கோ பார்த்திருக்கிறார். இந்த ஊர்க் காற்று ஏற்கெனவே நனைந்ததுதான், அதை இன்னும் நனைத்தால் வேர்வைதான் கூடும் என்று நீங்கள் விளக்கினீர்கள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தார். அதன் பிறகு எதைத் தொட்டாலும் உங்களைக் கேட்டுத்தான் தொட்டார்.

முதல் பயணம் கல்லாறு. நல்ல கோடையில்தான் போகவேண்டும், மழையில் போனால் வண்டியைப் பற்றி என்ன தெரியும் என்று பிடிவாதம் பிடித்தீர்கள். ஆற்றங்கரை மரத்தடியில் வண்டியை நிறுத்தி, சோறு தின்றுவிட்டு நீங்கள் கண்ணயர்ந்த வேளையில் ஏசி நின்றுபோனது. பேட்டரி மின்சாரத்தை ஏசிக்கு மாற்றித் தரும் இன்வெர்ட்டர் சூடேறித் தானே அணைந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் உங்கள் இடது கால் கட்டிலிலிருந்து சரிந்தது. என் முகம் தெரியவில்லை என்றீர்கள்.

அண்ணன் சாவியை எடுத்துவிட்டார். "திரிச்சுப் போவோம். இது சரிப்படாது" என்றார். அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதே இல்லை.

"பேடிக்காதீங்க" என்றீர்கள். "ரோட்டுல இதைவிடச் சூடு. வண்டியோட பழைய ஏசியும் ஓடாது. இங்க மரமாவது இருக்கு."

கண் மங்கிய நிலையிலும், படுத்தபடியே ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நாங்கள் செய்தோம். என்னை ஆற்றில் துண்டு நனைத்து வந்து உங்கள் பிடரியில் போடச் சொன்னீர்கள். வண்டியோடு சேர்த்துக் கட்டியிருந்த துணிப் பந்தலை மேற்குப் பக்கம் மாற்றி இழுக்க அண்ணனிடம் சொன்னீர்கள். கட்டிலுக்கடியில் இன்வெர்ட்டர் இருந்த பெட்டியின் மூடியைக் கழற்றி, பேட்டரியில் நேராக ஓடும் சின்ன ஃபேனை அதன் பக்கம் திருப்பச் சொன்னீர்கள். அண்ணன் மூடியைத் திறந்ததும் அனல் அடித்தது.

"தப்பு என்னோடதாக்கும்" என்றீர்கள். "அது மூச்சுவிட வழி வைக்காம வரைஞ்சுட்டேன்."

அந்த நேரத்திலும் உங்களுக்கு வரைபடம்தான் முக்கியமாக இருந்தது. துண்டை மாற்றிப் போட்டுக்கொண்டே நான் அழுதது உங்களுக்குத் தெரியாது. இன்வெர்ட்டர் ஆறி, ஏசி மறுபடி ஓடத் தொடங்கியபோது அண்ணன் தரையில் உட்கார்ந்துவிட்டார். வெயில் சாய்ந்த பிறகு எங்கள் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்து போய் ஆற்றில் கால் வைத்தீர்கள். "ஏட்டி, மீன் கடிக்கி" என்று சொல்லிவிட்டு, காலை எடுக்காமலே வெகுநேரம் இருந்தீர்கள்.

மறுவாரமே இன்வெர்ட்டர் இடம் மாறியது. அடுத்த சித்திரையில் திருநெல்வேலியில் உங்கள் தங்கை மகள் கல்யாணம். கோடையில் பிறந்த ஊருக்குப் போவது இனி இல்லை என்று எல்லாரும் முடிவுகட்டியிருந்தபோது, மண்டபத்து வேப்பமரத்தடியில் உங்கள் வண்டி நின்றது. பட்டுச்சேலையில் இறங்கி வந்து, தாலி கட்டி முடியும்வரை முன்வரிசையில் இருந்துவிட்டு மறுபடி ஏறிக்கொண்டீர்கள். சற்று நேரத்தில் மணப்பெண்ணே மாலையோடு உள்ளே வந்து உங்கள் கட்டிலில் சாய்ந்துவிட்டாள். சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் வண்டி வாசலில் வரிசை நின்றார்கள். அண்ணன் அன்றைக்கு நடந்த நடையைப் பார்க்கவேண்டுமே, ஏதோ அவரே கட்டிய வண்டிபோல.

வெயில் உங்களை ஒன்றும் செய்யவில்லை, அண்ணி. போன மழைக்காலத்துக் காய்ச்சல்தான் நெஞ்சில் இறங்கிக் கொண்டுபோய்விட்டது.

அதன் பிறகு அண்ணன் வண்டியைத் தொடவில்லை. கண்ணில் புரை வேறு, ஓட்டவும் முடியாது. ரோட்டைத் தாண்டவே யாராவது கையைப் பிடிக்கவேண்டிய நான், இந்த ஐம்பது வயதில் டிரைவிங் படிக்கப் போனேன். பயம் தீர்ந்த பிறகு புறப்படலாம் என்று நீங்கள் ஒருநாளும் காத்திருந்ததில்லை. உங்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அது ஒன்றுதான்.

போன வாரம் லைசென்ஸ் கிடைத்தது. நேற்று அண்ணனைப் பக்கத்தில் உட்காரவைத்து, உங்கள் வண்டியை மலையடிவாரத்து விதுரா வரை ஓட்டினேன். வழியெல்லாம் கிளட்ச், கிளட்ச் என்று அவர் விடவேயில்லை. அங்கே சாயா குடித்துவிட்டு மலைப்பக்கம் பார்த்துக்கொண்டே நின்றவர், "பொன்முடி ஏறிப் பாக்கலாமா?" என்றார். நீங்கள் போனபின் அவராக எங்காவது போகக் கேட்டது அதுதான் முதல் தடவை.

மலைப்பாதையின் முதல் வளைவில் எனக்குப் பயமாகத்தான் இருந்தது. பயத்தோடேயே திருப்பினேன், அண்ணி. வண்டி ஏறியது.