எட்டடிச் சுவர்

12.6.2008, வியாழன்

கடலூர் வந்து பத்து நாள் ஆகிறது. இவருக்கு ஒதுக்கியிருக்கும் அரசு வீடு வெள்ளைக்காரன் காலத்துப் பட்டாளக் கொட்டடி. எல்லாரும் 'பாரக்ஸ் லைன்' என்கிறார்கள். ஒரே நீளக் கூடம். பிற்பாடு குடும்பங்களுக்காக எட்டடிச் சுவர் எழுப்பி ஆறு வீடாகத் தடுத்திருக்கிறார்கள். கூரையோ இருபதடி உயரத்தில். சுவருக்கு மேலே எல்லாம் திறந்தவெளிதான் — காற்று போக வேண்டுமாம். காற்று மட்டுமா போகிறது? மூன்றாம் வீட்டில் மிளகாய் வறுத்தால் எனக்கு இருமல் வருகிறது.

சிப்பாய்கள் படுத்த இடத்துக்கு மேல் கறுப்பில் எண் போட்டிருக்கிறார்கள். எத்தனை முறை வெள்ளையடித்தும் தலைகாட்டுகிறது. மாமாவின் கட்டில் 34-க்குக் கீழே.

29.6.2008

மாமா இன்று ஆரம்பித்துவிட்டார். சிதம்பரத்தில் தமிழ் வாத்தியாராக இருந்தவர். கீழவீதியில் அவர் வந்தால் எதிரே வருகிறவர்கள் சைக்கிளை விட்டு இறங்குவார்கள். என் மாமனார் என்று சொல்லிக்கொள்ள எனக்கு அத்தனை பெருமை. புத்தி கலங்கியதிலிருந்து அவர் வாயில் வருகிற வார்த்தைகள்... இந்த நோட்டில்கூட எழுத முடியாது. அங்கே என்றால் கதவைச் சாத்தினால் போதும். இங்கே எந்தக் கதவைச் சாத்த?

அவர் வாயைத் திறந்ததும் பக்கத்து வீட்டு இருசம்மாள் டிவியை அலறவிட்டாள். அதற்கடுத்த வீட்டிலும். அப்புறம் லைன் முழுக்க.

12.7.2008

மறுபடி. அவர் கத்துகிறார், டிவிகள் கத்துகின்றன. 'உங்கள் லட்சணம் தெரிகிறது' என்று குத்திக்காட்டுகிறார்கள், வேறென்ன? இவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார்.

3.8.2008

குழாயடியில் இருசம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். திரும்பிக்கொண்டேன்.

21.8.2008

மாமா கத்தும்போது அவர் வாயைப் பொத்திவிட்டேன். கையால். அழுத்தி. அவர் திமிறவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐயோ, என்ன ஜென்மம் நான்? பெத்த பொண்ணு மாதிரின்னு ஊர் பூரா சொன்ன மனுஷன் — அவர் வாயையா?

24.8.2008

விழுப்புரம் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் பேசிவிட்டு வந்திருக்கிறார் இவர்.

"லைனே டிவிய வச்சி நம்மள வெரட்டுது. இன்னும் ஆபீசுக்குப் புகார் எழுதிப் போடறதுதான் பாக்கி. ஒண்ணாந்தேதி திங்கக்கெழம கொண்டுபோய் வுட்டுடறேன்."

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதிகூட. அதை நினைத்தால்தான் கூசுகிறது.

28.8.2008

மாமா கத்தி ஓய்ந்ததும் இருசம்மாள் வீட்டு வாசலில் போய் நின்று கத்தினேன். "வயசானவரு, சீக்காளி. எதுக்குங்க இப்புடி டிவிய அலறவுட்டு அசிங்கப்படுத்துறீங்க?" அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். எழுந்து போய் டிவியை அணைத்தாள். நான் கத்தியது எல்லார் வீட்டுக்கும் கேட்டிருக்குமே, மற்றவர்களும் அணைத்தார்கள்.

சாயங்காலம் மாமா மறுபடி ஆரம்பித்தார். எந்த வீட்டிலும் ஒரு சத்தமும் இல்லை. அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் கூரைக்கு ஏறி லைன் கடைசி வரைக்கும் போனது. யாரும் இருமக்கூட இல்லை. எங்கோ ஒரு குழந்தை அந்த வார்த்தையைத் திருப்பிச் சொன்னது. பளீரென்று அதற்கு ஓர் அடி விழுந்தது. எனக்குத் தாங்கவில்லை. சுவருக்கு இந்தப் பக்கமிருந்தே கத்தினேன்: "அக்கா! டிவிய போடுங்கக்கா!"

போட்டாள். அப்புறம் வந்து வாசலில் நின்றாள்.

"நாங்க கேக்கலன்னு உனுக்குத் தெரியணும்ல, அதுக்குத்தாம்மா. நான் கல்யாணம் ஆயி வந்ததுலேந்து இந்த லைன்ல இதான் பழக்கம். எம் புருசன் வுட்டுட்டு ஓடனப்ப நான் அழுவ அழுவ எல்லா வூட்லயும் ரேடியோ பாடிச்சி. கரண்டு இல்லன்னா அம்மிக்கல்ல இழுப்பாங்க. நீங்க புதுசு. சொல்லாம வுட்டது எங்க தப்பு."

அவர்கள் தப்பாம்! நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. வந்த நாளிலிருந்து இவள் எத்தனை முறை காபி கொடுத்திருப்பாள். ஒவ்வொரு முறையும் "இப்பதான் குடிச்சேன்" என்றேன். ஏன் குடிக்கவில்லை என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

31.8.2008

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு இல்லத்துக்கு போன் போட்டு, "இல்லைங்க, வரல" என்றார்.

1.9.2008, திங்கள்

மாமா 34-க்குக் கீழேதான் தூங்குகிறார். அக்கா வீட்டில் காபி குடித்தேன். சர்க்கரை ஜாஸ்தி.

17.5.2009

இருசம்மாக்காவின் மகள் சுவேதாவைக் குறிஞ்சிப்பாடியில் கட்டிக்கொடுத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. இன்று பெட்டியோடு வந்து நின்றாள். கதவைச் சாத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் சுவருக்கு மேலே அழுகை வந்தது, அடக்கி அடக்கி. "மெதுவாடி, எல்லாருக்கும் கேக்கும்" — இருசம்மாக்காவா இப்படிச் சொல்வது?

எங்கள் டிவி ரிப்பேர். ஓடிப்போய் மிக்சியை எடுத்தேன். ஜாரில் ஒன்றும் போடவில்லை. வெறுமனே ஓடவிட்டேன். கடைசி வீட்டில் ஒரு டிவி எழுந்தது, அப்புறம் இன்னொன்று.

மிக்சிச் சத்தம் மாமாவுக்கு ஆகாது. எழுந்து உட்கார்ந்து ஆரம்பித்தார் — முழுக்குரலில், அந்த வார்த்தைகள் அத்தனையும். பக்கத்து வீட்டில் சுவேதா வாய்விட்டு அழுதாள்.

நான் தடுக்கவில்லை. "இன்னும் கொஞ்சம் சத்தமா மாமா" என்றேன்.