நீ மாத்தி வெச்ச முதல் விருப்பம்

பெரியவனுக்கு அம்மா எழுதறது.

இங்கே மூணு பேரும் உடம்புக்குச் சுகம். நீயும் சுகமா இருக்கணும்னுதான் இந்தக் கோபத்துலயும் நினைக்கிறேன், அதனால அதை முதல்லயே சொல்லிட்டேன். இனிமே வர்றதெல்லாம் கோபம்தான். போன்ல பேசினா நடுவுல நடுவுல பேசி என் வாயை அடைச்சிடுவே, அதுக்குத்தான் எழுதறேன். பாதியில மடிச்சு வைக்காம கடைசி வரைக்கும் படி.

உன் தங்கச்சியோட விண்ணப்பத்துல முதல் விருப்பத்தை மாத்தினது நீதான்னு தெரிஞ்சுபோச்சு. போன மாசம் முடிவு வந்துச்சு, வீட்டுப் பக்கத்துக் கல்லூரியில வணிக நிர்வாகம்னு. அவ கேட்டது வெளியூர்ப் பல்கலைக்கழகத்துல மொழியும் மொழிபெயர்ப்பும். தானே தப்பா அழுத்திட்டோமோன்னு ரெண்டு நாள் அந்தப் பொண்ணு தன்னையே திட்டிக்கிட்டுக் கிடந்தா. மூணாம் நாள் அந்த இணையதளத்துக்குள்ளே போய்ப் பார்த்தா, கடைசித் தேதிக்கு முந்தின நாள் மதியம் வரிசை மாறியிருக்கு. அந்த நேரத்துல அவ பரீட்சை எழுதிக்கிட்டிருந்தா. படிவம் நிரப்ப உதவறேன்னு கடவுச்சொல்லை வாங்கி வெச்சிருந்தது நீ ஒருத்தன்தான். வேலியே பயிரை மேஞ்சா யார்கிட்டடா போய் முறையிடறது? உங்கப்பாகிட்ட கேட்டேன். அவர் லிஃப்ட் ரிப்பேர் சாமான் பைக்குள்ள எதையோ தேடற மாதிரி தலையைக் குனிஞ்சுக்கிட்டு, நல்லதுக்குத்தான்னு பெரியவன் சொன்னான்னு முனகினார். ஆக, அவருக்கும் தெரியும். அப்பனும் மகனும் சேர்ந்து முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிருக்கீங்க. அன்னையிலேர்ந்து அவர் சட்டையை அவரேதான் துவைச்சுக்கறார்.

அவ ஏதோ விளையாட்டுக்கு அந்தப் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்தான்னு நினைச்சியா? மூணு இடத்துக்கு அவளே கடிதம் போட்டா. ஒவ்வொரு மொழிக்கும் எத்தனை ஆசிரியர், பழைய கையெழுத்துப் பிரதி படிக்கச் சொல்லித் தருவீங்களா, வரலாறும் கூடவே படிக்கலாமா, அந்த மொழி பேசற ஊர்ல கொஞ்ச நாள் இருந்து படிக்க அனுப்புவீங்களான்னு. ஒரு இடத்துலேர்ந்து பதிலே இல்லை. இன்னொண்ணுலேர்ந்து பளபளன்னு ஒரு புத்தகம் வந்துச்சு, பாதிப் பக்கம் நீச்சல் குளம். மொழி என்ன தண்ணியிலயா மிதக்குதுன்னு நானே கேட்டேன். மூணாவது இடத்துலேர்ந்து ஒரு பேராசிரியை ரெண்டு பக்கம் கைப்பட எழுதியிருந்தாங்க. எல்லாத்துக்கும் பதில் சொல்லிட்டு, உனக்கு எந்த மொழியில கோபம் வரும்னு அவளையே திருப்பிக் கேட்டிருந்தாங்க. அந்தக் கடிதத்தை அவ எத்தனை தடவை படிச்சான்னு எனக்குத்தான் தெரியும்.

மொழி படிச்சு என்னத்தைக் கிழிக்கப் போறான்னு உங்கப்பாகிட்ட கேட்டியாமே. போன வருஷம் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துல நானும் கூட வேலை செய்யற ஒருத்தியும் மயங்கி விழுந்தோமே, அப்ப உனக்கு முழுசாச் சொல்லலை, பயப்படுவேன்னு. வெளிநாட்டுலேர்ந்து வந்த புதுச் சலவை மருந்து ரெண்டு கேன். எப்படிப் பயன்படுத்தணும்னு மொழிபெயர்த்துச் சுவத்துல ஒட்டியிருந்தாங்க, ரெண்டையும் சேர்த்து ஊற்றவும்னு. ஊத்தினோம். புகை வந்துச்சு, அவ்வளவுதான் ஞாபகம். என்னைக் கூட்டிப்போக வந்த உன் தங்கச்சி அந்தக் கேன்ல இருந்த மூல எழுத்தைப் படிச்சா. ஊற்றக் கூடாதுன்னு இருந்துச்சாம். யாரோ ஒரு "கூடாது"வை விட்டுட்டான். அன்னைக்கே மேலதிகாரியை நிக்க வெச்சுப் படிச்சுக் காட்டி, அந்தத் தாளைக் கிழிச்சு எறிய வெச்சா. கிழிச்சது அதைத்தான், தெரிஞ்சுக்கோ. இன்னைக்கும் மாடிப்படி ஏறினா எனக்கு மூச்சு வாங்குது.

சரி, நடந்ததைக் கேளு. நான் லீவு போட்டு அவளைக் கூட்டிக்கிட்டு நேரா அந்தப் பல்கலைக்கழகத்துக்கே போனேன். சேர்க்கை ஜன்னல்ல இருந்தவர், தேதி முடிஞ்சதும்மா, யார் மாத்தினாங்கங்கறது எங்களுக்கு வேண்டாத விஷயம்னார். சரிதான். பெத்த பிள்ளை செஞ்சதை இன்னொருத்தர்கிட்ட எப்படிச் சொல்லுவேன், நாக்கு கூசுச்சு. ஆனா நகரலை. பின்னால வரிசை முணுமுணுத்துச்சு, அப்பவும் நகரலை. கடைசியில அந்தப் பேராசிரியையைக் கூப்பிட்டு அனுப்பினாங்க. அவங்க எதுவும் விசாரிக்கலை. ஒரு தாளைக் கொடுத்து, மொழிபெயர்த்துக் கொண்டு வான்னு நடைவழி பெஞ்சுல இவளை உட்கார வெச்சுட்டாங்க. முடிச்சுக் கொடுத்தா. ஒரே ஒரு வார்த்தையை மட்டும் அப்படியே விட்டுட்டு, இதுக்கு ரெண்டு அர்த்தம் உண்டு, பேசறது ஆணா பெண்ணான்னு தெரியாம எழுத மாட்டேன்னு கீழே குறிப்பு. அதைப் படிச்சு அந்தம்மா சிரிச்சாங்க. தெரியாத இடத்துல நிக்கத் தெரிஞ்ச பிள்ளை வருஷத்துக்கு ஒண்ணு வந்தாலே பெரிசுன்னாங்க. காத்திருப்போர் பட்டியல்ல போட்டாங்க. பதினொரு நாள் கழிச்சு, நேத்து, இடம் கிடைச்சுது. வர்ற வெள்ளிக்கிழமை கிளம்பறா.

இதோட கோபம் தீர்ந்துச்சுன்னு நினைக்காதே. ஆனா பஸ்ல திரும்பி வரும்போது ஒண்ணு உறைச்சுது, அதை எழுதாட்டி நான் உனக்கு அம்மா இல்லை. சோறு போடுமா, நாலு பேர் கேட்டா என்ன சொல்றது, ஆசை வேற பிழைப்பு வேறன்னு நீ அவளைப் பத்தி உங்கப்பாகிட்ட சொன்னது ஒவ்வொண்ணும், பதினேழு வயசுல நீ வரலாறு படிக்கிறேன்னு வந்து நின்னப்போ உங்கப்பா உன்கிட்ட சொன்னது. வார்த்தை மாறாம அப்படியே. நான் பக்கத்துல நின்னு தலையாட்டினேன். நீ ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலை. நல்ல பிள்ளைன்னு ஊரெல்லாம் பெருமையாச் சொன்னேன். அந்தக் கோபம் உனக்குள்ள இருந்தா அதைக் கொண்டுவந்து என் தலையில கொட்டு, வாங்கிக்கறேன். அவ தலையில ஏன் இறக்கினே?

வியாழக்கிழமைக்குள்ள அவகிட்ட நீயே பேசிடு. நல்லதுக்குத்தான்னு ஆரம்பிச்சா போனை வெச்சுடுன்னு சொல்லி வெச்சிருக்கேன். முதுகுவலிக்கு டாக்டரைப் பார்த்தியா இல்லையான்னு எழுது, நாற்காலியிலயே தூங்காதே. நல்லா இரு, நூறு வயசு இரு. உனக்கு முப்பத்தொண்ணுதான் ஆகுது. வரலாறு படிக்க வயசு வரம்பு உண்டான்னு அந்த ஜன்னல்காரர்கிட்ட கேட்டுட்டுத்தான் வந்தேன். இல்லையாம்.

இன்னும் கோபம் ஆறாத
உன் அம்மா